மேலே பெய்யும் மழை கீழே தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் முடியும்வரை மலை அருவிகள் அனைத்தையும் மூடி வைக்க வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் படித்தேன். பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோரின் கவலை அதில் இருந்தது. அந்தக் கவலையோடு எனக்கு மாறுபாடு இல்லை. அவர் சொல்லும் தீர்வோடுதான் மாறுபாடு. 31 ஆண்டுகள் பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்ற நான், நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் என்ன என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவன். அப்படிப்பட்ட நானே, கடந்த மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொல்லிமலை ஆகாய கங்கை அருவியின் அடியில் அந்தப் படத்தை அடியோடு மறந்து கால் மணி நேரம் நின்றேன். அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றியும், அது கற்றுத்தந்ததைப் பற்றியும் எழுத இடம் தர வேண்டுகிறேன்.

நாங்கள் ஐந்து நண்பர்கள்; ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர்கள்; அறுபதைத் தொட்டவர்களும் தாண்டியவர்களும். ராசிபுரத்திலிருந்து அதிகாலையில் காரில் கிளம்பி, பேளுக்குறிச்சி வழியாகக் காரவள்ளி சேர்ந்து, அடிவாரத்தில் தேநீர் குடித்துவிட்டு, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, செம்மேடு கடந்து அறப்பளீசுவரர் கோயிலை அடைந்தபோது மணி பத்தாகியிருந்தது. முதல்நாள் இரவு வானிலை அறிக்கையைப் பார்க்காமல் கிளம்பவில்லை. மலைப்பகுதி உள்ள மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு என்று அறிக்கை சொன்னது. ஓரிரு இடங்கள் என்பது வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் ஒரு பகுதியிலுள்ள நிலையங்களில் 25 சதவீதமோ அதற்குக் குறைவோ மழை பெறுவதைக் குறிக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்த ஓரிரு இடங்களில் நாம் போகும் இடம் இருக்காது என்று, லாட்டரிச் சீட்டு வாங்குபவனுக்கு நேர்மாறான ஒரு நம்பிக்கையோடு கிளம்பினோம்.

கோயிலில் கும்பிட்டுவிட்டு, வழியோரக் கடையில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்தோம். எங்களில் ஒருவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகி ஓராண்டுகூட ஆகவில்லை. அவர் அந்தக் கடை நிழலிலேயே உட்கார்ந்துகொள்வதாகச் சொல்லிவிட்டார். மற்ற நால்வரும் பதினொன்றரை மணிக்குப் படியிறங்கத் தொடங்கினோம்.

ஆகாய கங்கைக்குப் போயிராதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். மலையேற்றம் என்றால் முதலில் ஏறுவோம், களைத்த பின் இறங்குவோம். திரும்பும் வழி எளிது. இங்கே அது தலைகீழ். கோயிலுக்கு அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் செங்குத்தாகப் பள்ளத்தாக்குக்குள் இறங்குகின்றன. படிக்கு 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் 200 மீட்டருக்குக் குறையாது என்று எங்கள் கணக்கு ஆசிரியர் இறங்கும்போதே கணக்குப் போட்டார். அறுபது மாடிக்கு மேல் உள்ள கட்டடத்தின் உச்சியிலிருந்து தரைக்கு நடந்து போவது போன்றது அது. இறங்கும்போது காற்று குளிர்ச்சியாக இருக்கிறது, பேச்சு சுவையாக இருக்கிறது, முழங்கால் மட்டும் கொஞ்சம் முனகுகிறது. பாரம் முழுவதும் திரும்பும் வழியில்தான். கோடை மழையின் வழக்கமோ, காலை வெயில் மலையைச் சூடாக்கி, மதியத்துக்குப் பிறகு மேகம் திரண்டு, பிற்பகலில் இடியோடு கொட்டுவது. ஆக, கால் தளர்ந்து ஏற வேண்டிய நேரமும் வானம் உடையும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. காலை எட்டு மணிக்கு இறங்குபவருக்கும் பதினொன்றரைக்கு இறங்குபவருக்கும் உள்ள வேறுபாடு மூன்றரை மணி நேரம் அன்று, வேறு ஒரு வானிலை.

கீழே அருவி முழு அழகோடு விழுந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழும் நீர் பாதி வழியிலேயே தூளாகி, சாரலாகப் பரவி, நிற்பவரை நெருங்கவிடாமல் தள்ளுகிறது. தலைக்கு மேலே துண்டு வானம் நீலமாக இருந்தது. பாறைமேல் வெயில் அடித்தது. ஒரு மணிக்கு மேல்தான் ஏறுவது என்று பேசிக்கொண்டோம்.

அந்த இடத்தின் ஆபத்து அந்த அமைப்பிலேயே இருக்கிறது. மூன்று பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர் என்பதால் கண்ணுக்குத் தெரியும் வானம் மிகக் குறைவு. அருவியின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலே பாதிதான் கேட்கும்; தொலைவில் முழங்கும் இடி கேட்கவே கேட்காது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே உள்ள நொடிகளை மூன்றால் வகுத்தால் இடி எத்தனை கிலோமீட்டர் தொலைவில் என்பது தெரியும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மின்னலும் தெரியாத, இடியும் கேட்காத பள்ளத்தில் எதை எண்ணுவது? கைப்பேசிக்கும் அங்கே தொடர்பு கிடைக்கவில்லை. மழை வருகிறது என்று ஒரு மனிதன் அறிந்துகொள்ளும் வழிகள் அத்தனையையும் ஒருசேர அடைத்துவிட்டதுபோல் இருக்கிறது அருவியின் அடிவாரம்.

மேலே கடையில் உட்கார்ந்திருந்த நண்பருக்கு மட்டும் செய்தி கிடைத்தது. பன்னிரண்டே கால் மணி வாக்கில் சூப் கடை அம்மாவுக்கு, மலையின் மேற்பகுதிக் கிராமத்திலிருந்து அவருடைய மருமகள் தொலைபேசியில் பேசியிருக்கிறார். அங்கே அரை மணி நேரமாகக் கனமழை, காயப்போட்ட மிளகை அள்ளவே நேரமில்லை என்பதுதான் அவர் சொன்ன குறை. அந்த அம்மா உடனே எங்கள் நண்பரைப் பார்த்து, "உங்க ஆளுங்க கீழ இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார். மருமகள் மிளகைப் பற்றிச் சொன்னதிலிருந்து அந்தக் கேள்விக்கு அவர் எத்தனை விரைவாக வந்து சேர்ந்தார் என்பதை இன்றுவரை வியக்கிறேன். நண்பர் எங்கள் நால்வரின் எண்களையும் மாற்றி மாற்றி அழைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அந்த அம்மாவின் மகனையே கீழே அனுப்பினார். அந்த இளைஞர், நாங்கள் முக்கால் மணி நேரத்தில் இறங்கிய படிகளைக் கால் மணிக்குச் சற்று அதிகமான நேரத்தில் ஓடி இறங்கி எங்களிடம் வந்தபோது மணி ஒன்றாகப் பத்து நிமிடம் இருந்தது.

"மேல நல்லா பெய்யுதுங்க சார், அம்மா உடனே ஏறச் சொல்லுச்சு" என்றார்.

நாங்கள் வானத்தைப் பார்த்தோம். நீலமாக இருந்தது. தம்பி பயப்படுகிறார் என்று எங்களில் ஒருவர் சிரித்தார். அந்த ஒருவர் நான்தான் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். இன்னும் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். துண்டைப் பிழிந்துகொண்டு வருகிறேன் என்றார் மற்றொருவர். கணக்கு ஆசிரியர் தம் செருப்பை ஓடைக்கு மறுபக்கம் ஒரு பாறைமேல் விட்டிருந்தார். எச்சரிக்கை உரிய நேரத்தில் எங்களை வந்தடைந்துவிட்டது. வந்த எச்சரிக்கையைக் கால் மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்கள் நாங்கள்.

தண்ணீரின் நிறம்தான் முதலில் மாறியது. தெளிந்திருந்த ஓடையில் மங்கலாக ஒரு செம்மை ஓடியது. பிறகு சருகுகள், சுள்ளிகள், நுரை. மண் வாசனை வந்தது, அதுவும் மழை பெய்யாத இடத்தில். அந்த நேரத்தில் கணக்கு ஆசிரியர் செருப்பை எடுக்க ஓடைக்குள் இறங்கியிருந்தார். போகும்போது கணுக்காலளவு இருந்த தண்ணீர் திரும்பும்போது முழங்காலுக்கு வந்துவிட்டது. பாசி படிந்த கல்லில் கால் வழுக்கி அவர் உட்கார்ந்ததும், அந்த இளைஞர் பாறையில் குப்புறப் படுத்து ஒரு துண்டை நீட்டினார். நாங்கள் இருவர் இளைஞரின் கால்களைப் பிடித்துக்கொண்டோம். இருபது நொடி இருக்கலாம். நண்பர் கரைக்கு வந்தார்; ஒரு செருப்பு வந்தது, மற்றது தண்ணீரோடு மலையடிவாரப் புளியஞ்சோலைக்குப் போய்விட்டது. ஆழம் முழங்கால்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: ஓடும் நீர் தள்ளும் விசை அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும், வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. நீந்தத் தெரிந்திருப்பது அங்கே எதற்கும் உதவாது, நீந்துவதற்கு அங்கே ஆழமும் இல்லை.

அங்கே பணியிலிருந்த காவலர் விசிலை ஊதி, குளித்துக்கொண்டிருந்த இளைஞர் கூட்டத்தையும் குழந்தைகளோடு வந்திருந்த ஒரு குடும்பத்தையும் அடுத்த சில நிமிடங்களில் படிக்கு ஏற்றிவிட்டார். தம் கடமையை அவர் செவ்வனே செய்தார். அவர்மீது எனக்கு நன்றியைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் அவருக்கும் செய்தி சொன்னது தண்ணீரின் நிறம்தான். நாங்கள் இருநூறாவது படியைத் தாண்டுவதற்குள் எங்கள் தலைமீதும் மழை வந்துவிட்டது. படிகளிலேயே தண்ணீர் ஓடையாக இறங்கியது. மரத்தடியில் ஒதுங்கலாம் என்று ஒருவர் சொன்னபோது, இடி முழங்கும் நேரத்தில் தனி மரத்தடி ஆகாது என்று, அன்று நான் நினைவில் வைத்திருந்த ஒரே பாடத்தைச் சொன்னேன். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஐம்பது படிக்கு ஒருமுறை நின்று, மேலே வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு அருகில் ஆனது. கணக்கு ஆசிரியர் ஒற்றைச் செருப்போடு ஏறினார். இரண்டையும் கழற்றிவிட்டு ஏறலாமே என்று கேட்டதற்கு, பாதியாவது மிஞ்சட்டும் என்றார்.

இது எங்கள் தவறு, ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டே கால் மணிக்கு மலைமேல் ஒரு வீட்டில் இருந்த செய்தி, நேர்கோட்டில் மிகக் குறைந்த தொலைவிலேயே இருந்த எங்களை வந்தடைய ஒரு மருமகளின் மிளகும், ஒரு மாமியாரின் சமயோசிதமும், முழங்கால் வலியால் மேலேயே தங்கிய ஒரு நண்பரும், ஓடத் தெரிந்த ஓர் இளைஞரும் தேவைப்பட்டார்கள். இந்த நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் செய்தி வந்திராது. கீழே இருந்த மற்றவர்களுக்கு அந்த நான்கில் ஒன்றும் இல்லை.

கொல்லிமலை கூம்பு வடிவ மலை அன்று. மேலே ஏறிப் போனால் வயலும் வாழைத் தோட்டமும் காப்பி, மிளகுத் தோட்டங்களும் ஊர்களுமாக விரிந்து கிடக்கும் மேட்டுநிலம் அது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். அந்த மேட்டுநிலத்தின் ஓடைகள் கூடி ஐயாறாகி, மலையின் விளிம்பில் வந்து விழும் இடம்தான் ஆகாய கங்கை. அதாவது, அருவி நாம் நிற்கும் இடத்தின் மழையால் பெருகுவதில்லை. நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய பரப்பின் மழையால் பெருகுகிறது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10 லட்சம் லிட்டர். பேச்சுக்கு 10 சதுர கிலோமீட்டரில் 50 மில்லிமீட்டர் பெய்கிறது என்று வையுங்கள். 50 கோடி லிட்டர். பாதி மண்ணில் ஊறினாலும் மீதி 25 கோடி லிட்டர் ஒரே ஒரு வாசல் வழியாக வெளியேற வேண்டும். அந்த வாசலின் அடியில் நின்றுகொண்டு வானம் நீலமாக இருக்கிறது என்று சிரித்தவன், மீண்டும் சொல்கிறேன், புவியியல் ஆசிரியர்.

இனி, சென்ற வாரக் கடிதத்துக்கு வருகிறேன். மழைக்காலத்தில் மூடிவிடுவது என்பது நாட்காட்டியை நம்புவது. பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தது 2024 மே 17 அன்று. குற்றாலத்தின் சீசன் தொடங்குவது ஜூனில். அந்த நாள் எந்த மழைக்காலக் கணக்கிலும் வராது. எங்கள் அனுபவமும் மே மாதத்தில்தான். அதே ஆண்டு ஜூன் 30 அன்று மகாராட்டிரத்தின் லோனாவாலாவில், புஷி அணைக்கு அருகிலுள்ள அருவியில் ஒரே குடும்பத்தினர் நடு ஓடையில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து நின்று, பின் அடித்துச் செல்லப்பட்ட காட்சியை நம்மில் பலர் கைப்பேசியில் பார்த்து உறக்கம் இழந்தோம். ஐந்து பேர் இறந்தார்கள். அது பருவமழை நாள்தான். ஆக, ஆபத்து பருவத்தைப் பார்த்து வருவதில்லை, அன்றைய மழையைப் பார்த்து வருகிறது. நான்கு மாதம் பூட்டிவிட்டு மே மாதத்தில் திறந்து வைத்தால், நம் எச்சரிக்கை உணர்வையும் சேர்த்தே பூட்டியவர்கள் ஆவோம்.

பூட்டுவதற்கு இன்னொரு விலையும் உண்டு. நுழைவாயில் உள்ள அருவியில் சீட்டு கொடுப்பவர் இருக்கிறார், கைப்பிடி இருக்கிறது, விசில் இருக்கிறது. அதை மூடினால் இளைஞர்கள் வீட்டில் இருந்துவிடப் போவதில்லை; கைப்பேசியில் பார்த்த, காவலே இல்லாத ஏதோ ஒரு காட்டோடையைத் தேடிப் போவார்கள். அன்னாசி, பலா, மிளகு, தேன் விற்கும் மலைவாழ் மக்களின் வருமானத்தையும் நினைக்க வேண்டும். எங்களைக் காப்பாற்றிய அந்தக் குடும்பம் அருவிக்கு வருபவர்களை நம்பித்தான் கடை வைத்திருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீ தொடங்கி, மலையேறச் சென்ற 23 பேரை நாம் இழந்த பிறகு, மலையேற்றத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. பின்னர் 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களில், முன்பதிவும் வழிகாட்டியும் கொண்ட மலையேற்றத் திட்டத்தை அரசு தொடங்கியது. முற்றிலும் தடுப்பதற்கும் முற்றிலும் விட்டுவிடுவதற்கும் நடுவே வழி உண்டு என்பதை அது காட்டியது. ஆனால் படி கட்டிய அருவிகளை யாரும் மலையேற்றமாக நினைப்பதில்லை. கோயிலுக்குப் போகிறவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைக்குழந்தையோடு அப்படியே இறங்கிவிடுகிறார். அறுபது மாடி ஆழத்துக்குப் போகிறோம் என்ற நினைவே எழுவதில்லை.

நான் கேட்பது புதிய கண்டுபிடிப்பு எதுவும் அன்று. தருமபுரி மாவட்டத்தின் ஒகேனக்கல்லைப் பாருங்கள். மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் காவிரியின் நீர்வரத்தை மத்திய நீர்வள ஆணையம் அளக்கிறது, இன்று இத்தனை ஆயிரம் கன அடி என்று தங்கள் நாளிதழே அச்சிடுகிறது, அந்த எண் கூடினால் பரிசலுக்குத் தடை, குளிக்கத் தடை, குறைந்தால் அனுமதி. பரிசல் ஓட்டியிடம் யாரும் வானத்தைக் காட்டி வாதம் செய்வதில்லை, ஏனெனில் ஓர் எண் இருக்கிறது. குற்றாலப் பேரருவியில் அந்த அளவுகோல் இன்னும் எளியது: பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கக் கூடாது என்பது அங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு கோடு, காதால் கேட்கக்கூடிய ஓர் எண், இவை இரண்டும் இல்லாத இடத்தில்தான் என்னைப் போன்றவர்கள் ஓடி வந்த இளைஞரைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

காவிரிக்கு நாள் கணக்கில் நேரம் உண்டு. ஐயாறு போன்ற சிற்றாறுகளுக்கு நிமிடக் கணக்குதான். ஆகவே முறையும் சிறியதாக, விரைவாக இருக்க வேண்டும். அருவிக்கு மேலே, ஓடைகள் வரும் ஊர்களில் மூன்று நான்கு இடங்களில் மழைமானி இருந்தால் போதும். மழை அளப்பது என்பது காலை எட்டரை மணிக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளும் வழக்கமாக இருக்கிறது. பயிருக்கும் ஏரிக்கும் அது போதும், அருவிக்குப் போதாது. மழை தொடங்கிய அரை மணிக்குள் இத்தனை மில்லிமீட்டர் என்று ஒருவர் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அந்த எண் சீட்டு கொடுக்கும் இடத்தில் ஒரு பலகையில், சாக்கட்டியால்தான் என்றாலும், நேரத்தோடு எழுதப்பட வேண்டும். கீழே அருவியின் இரைச்சலைத் தாண்டிக் கேட்கும்படி, மேலிருந்து அழுத்தினால் ஒலிக்கும் ஒரு சங்கு வேண்டும். கைப்பேசி இறங்காத பள்ளத்துக்குள் ஒலியும் மின்கம்பியும் இறங்கும். ஓடைக்கரைப் பாறையில் ஒரு சிவப்புக் கோடு வரைந்து, அது மறைந்தால் ஏறு என்று தமிழில் பெரிதாக எழுதிவைக்கலாம். வானிலை ஆய்வுத் துறை மூன்று மணி நேரத்துக்கான முன்னறிவிப்புகளை மாவட்ட வாரியாகத் தருகிறது. பெரும் உதவிதான், ஆனால் நாமக்கல் மாவட்டம் என்ற ஒரே நிறத்துக்குள் வெயில் கொளுத்தும் நாமக்கல் நகரமும் மழை கொட்டும் மேட்டுநிலமும் சேர்ந்தே இருக்கின்றன.

மழைமானியைப் பள்ளிகளில் வைக்கலாம், மலைமேல் உள்ள உண்டு உறைவிடப் பள்ளி மாணவர்கள் ஆர்வத்தோடு அளப்பார்கள் என்று முதலில் எழுதியிருந்தேன். மே மாதம் பள்ளிக்கு விடுமுறை ஆயிற்றே, அப்போது யார் அளப்பது என்று என் மனைவி கேட்டதும் அதை அடித்துவிட்டேன். நியாயவிலைக் கடையோ, பால் சேகரிக்கும் இடமோ, நாள்தோறும் ஆள் இருக்கும் ஒரு தேநீர்க் கடையோ பொருத்தமாக இருக்கும். அளப்பவருக்கு மாதம் ஒரு சிறு தொகை தர வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் எச்சரிக்கை ஒருநாள் கிடைக்காமல் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. ஆகாய கங்கையில் விழுந்த தண்ணீர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. ஐயாறாகவே கீழிறங்கி, திருச்சி மாவட்டத்தின் புளியஞ்சோலையில் துறையூர், திருச்சி மக்கள் குடும்பத்தோடு வந்து சோறு கட்டிக்கொண்டு உட்காரும் பாறைகளுக்கு இடையே ஓடுகிறது. அங்கே மேட்டுநிலத்தின் மழையை அறிய நீலவானம்கூட உதவாது, மேட்டுநிலமே கண்ணில் படாது. மேலிருந்து சொல்லப்படும் அந்த ஒரு தொலைபேசிச் செய்தி இரண்டு மாவட்டங்களுக்கும் போக வேண்டும். மாவட்ட எல்லை காகிதத்தில் இருக்கிறது, தண்ணீரில் இல்லை. இவற்றில் எதுவாவது ஏற்கெனவே நடைமுறையில் இருக்குமானால் மிக்க மகிழ்ச்சி. அப்படியானால் அது சீட்டு வாங்குபவரின் கண்ணிலும் பட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஆடி 18 ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்கு மலைக்கு மக்கள் திரளாக வருவார்கள். அதற்குள் அந்தப் பலகையும் சங்கும் மட்டுமாவது வந்தால் நல்லது.

எங்கள் பங்குக்கு, நாங்கள் சில ஏற்பாடுகளைச் செய்துகொண்டோம். இனி எந்த அருவிக்குப் போனாலும் பகல் பன்னிரண்டு மணிக்குக் கீழே யாரும் இருப்பதில்லை, அருவி எத்தனை அழகாக இருந்தாலும் சரி. ஒருவர் மேலேயே இருப்பார். முழங்கால் நண்பர் அந்தப் பதவியை நிரந்தரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். செருப்பும் பையும் ஓடையின் ஏறும் பக்கத்தில்தான் வைக்கப்படும். உள்ளூர்க்காரர் ஏறச் சொன்னால் வாதமின்றி ஏறுவது. வானத்தைப் பார்ப்பது பிறகு.

சென்ற வாரம் நானும் கணக்கு ஆசிரியரும் மறுபடி மலைக்குப் போய் அந்தச் சூப் கடை அம்மாவைப் பார்த்து வந்தோம். பள்ளியில் மாணவர்களோடு செய்வதுபோல், அடி தட்டையான கண்ணாடிப் புட்டியும், அந்தப் புட்டியின் குறுக்களவே வாய் அளவாக உள்ள புனலும் அளவுகோலும் வைத்து நானே செய்த ஒரு மழைமானியை அவருடைய மருமகள் வீட்டு முற்றத்தில், மரத்தின் நிழல் படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு வந்தேன். எத்தனை கோடு ஏறினால் தொலைபேசியில் சொல்வது என்று அந்தப் பெண் கேட்டார். அரை மணியில் பத்துக் கோடு என்று இப்போதைக்குச் சொல்லியிருக்கிறேன். இந்த ஓடைகளுக்குச் சரியான எண் எது என்பதை, நீரியல் அறிந்தவர்கள் ஒரு மழைக்காலம் முழுவதும் அளந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
ராசிபுரம்.